கையெழுத்து பயிற்சி ஆகாது: துப்பாக்கிச் சுடுதள நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. வார இறுதியில் நடந்துவந்த தொடக்கநிலை வகுப்பு இனி வாரநாள்களில் முற்பகல் 10 மணி முதல் 12 மணி வரை மட்டுமே நடக்கும் என்பதும், எட்டு வகுப்புகளில் இரண்டைத் தவறவிட்டவர் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் முதல் முடிவு. அப்படி வர இயலாதவர்கள் ‘சொந்த முயற்சியில்’ கற்றுக்கொண்டு, பாதுகாப்பு விதிகளை அறிவேன் என்று ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பயிற்றுநர் யாரும் நேரில் சோதித்துப் பார்க்காமலே 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கித் தடத்தில் சுடலாம் என்பது இரண்டாவது. முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நான் எதிர்க்கிறேன். இரண்டாவதை இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தச் சலுகையால் முதலில் பயன்பெறக் கூடியவர்களில் நானும் ஒருவர் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் சுழற்சி முறையில் பணிபுரியும் செவிலியர். ஒரு வாரம் காலைப் பணி, அடுத்த வாரம் பிற்பகல், அதற்கடுத்து இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும் என் நாட்காட்டியில், தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பது என்பது கிடையாது. இரவுப் பணி முடித்த காலையில் வந்தால் வரலாம்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கண்விழித்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது சரியா என்பதை நீங்களே சொல்லுங்கள். தூக்கமில்லாமல் தடத்துக்கு வரக்கூடாது என்று முதல் வகுப்பில் பயிற்றுநர் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். வார இறுதியில் வகுப்பு நடந்தபோது, சக பணியாளர்களிடம் பணிமாற்றம் கேட்டு, எட்டில் நான்கு வகுப்புகளை முடித்தேன். ஐந்தாவதையும் ஆறாவதையும் தவறவிட்டேன். இப்போது அந்த நான்கும் கணக்கில் இல்லை என்கிறது உங்கள் சுற்றறிக்கை.

அந்த நான்கு வகுப்புகளில் என்ன நடந்தது என்பதையும் குழுவினர் தெரிந்துகொள்ள வேண்டும். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு வேலையால் வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரம். பன்னிரண்டு பேருக்கு நான்கு துப்பாக்கிகள். முதல் வகுப்பு முழுவதும் சங்கத்தின் வரலாறு, உறுப்பினர் விதிகள், படிவங்கள். மற்ற மூன்றிலும் பெரும்பாலான நேரம் பின்னிருக்கையில் முறை வருவதற்காகக் காத்திருந்தேன். எட்டு மணி நேரத்தில் நான் சுட்டவை 45 பெல்லட்டுகள், அதாவது காற்றுத் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டுகள். பன்னாட்டுப் போட்டியில் ஒரு வீரர் தயாராகவும் பழகிக்கொள்ளவும் 15 நிமிடம், அதன்பின் 60 முறை சுட 75 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரத்தில் முழுத் தகுதிச்சுற்றையும் முடித்துவிடுகிறார். வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1896இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு இருந்தது என்று கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து நானே படித்துக்கொள்ள முடியும். வீட்டில் படிக்க முடிந்ததை வகுப்பில் நடத்துகிறீர்கள். வகுப்பில் மட்டுமே கற்க முடிந்ததை வீட்டில் கற்றுக்கொண்டு வரச் சொல்கிறீர்கள். என் மனக்குறை முழுவதும் இதுதான்.

சொந்தமாகக் கற்பது என்றால் என்ன என்பதை நான் முயன்று பார்த்துவிட்டே எழுதுகிறேன். வகுப்பு விட்டுப்போன பிறகு மூன்று மாதங்கள் படித்தேன், காணொளிகள் பார்த்தேன், அறையில் நின்று பழகினேன். பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். பின்பக்கத் துளை வழியே முன்பக்க வளையத்தைப் பார்த்து, அந்த வளையத்துக்குள் இலக்கின் கரும்புள்ளியை நிறுத்தி, சுற்றிலும் வெள்ளை ஒரே அளவில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது எதற்கு என்பது படித்தபோதுதான் தெளிவாகப் புரிந்தது. அந்தக் கரும்புள்ளியின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுவிலுள்ள பத்துப் புள்ளிப் பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர், சுடும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். பொட்டைவிடப் பெல்லட் பெரியது என்று தெரிந்த அன்றுதான், இது கண்ணின் கூர்மையை மட்டும் நம்பிய விளையாட்டு அல்ல, ஒரே செயலை அறுபது முறை மாறாமல் செய்யும் விளையாட்டு என்று விளங்கியது. கால்களை வைக்கும் அகலம், இடுப்பில் முழங்கையை ஊன்றித் தசையை விட எலும்பின் மேல் பாரத்தைத் தாங்குவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, கண்ணை மூடித் திறந்தபின் குறி விலகியிருந்தால் கையைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்துவது ஆகியவற்றையெல்லாம் தனியே பழகலாம். பழகினேன்.

பிறகு, தவறவிட்டவர்களுக்கென ஒரு மூத்த பயிற்றுநர் தம் சொந்த நேரத்தில் எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார். அவர் பெயரை எழுதி அவருக்குச் சங்கடம் உண்டாக்க விரும்பவில்லை. மூன்று மாதமாக நான் சரியாகச் செய்வதாக நம்பிக்கொண்டிருந்த ஒரு செயலை அவர் பத்து நிமிடத்தில் தவறு என்று காட்டினார். என் பார்வையில் படாமல், சில முறை பெல்லட் போட்டும் சில முறை போடாமலும் துப்பாக்கியை என் கையில் தந்தார். எது எது என்று எனக்குத் தெரியாது. பெல்லட் இல்லாத முறைகளிலும், விசையை இழுத்த கணத்தில் குழல் இடப்பக்கம் கீழே துள்ளியது. அதாவது, வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே என் கை முன்கூட்டி இறுகி, விரல் மட்டும் அசைய வேண்டிய இடத்தில் மணிக்கட்டே அசைந்துகொண்டிருந்தது. அறையில் நான் தனியாகப் பழகிய ஒவ்வொரு நாளும் இந்தத் தவறையே இன்னும் ஆழமாகப் பதித்திருக்கிறேன். எந்தக் காணொளியும் என்னைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது. காணொளியை நான்தான் பார்க்கிறேன், அது என்னைப் பார்ப்பதில்லை. பதிந்துபோன அந்தப் பழக்கத்தைக் களைய எனக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும்.

ஆனாலும் இது வெறும் மதிப்பெண் போகும் தவறு. அடுத்து எழுதப்போவது அப்படிப்பட்டதன்று.

சுற்றறிக்கை வந்து இரண்டாம் வாரம், நான் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தபோது, உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் தடத்தில் இடம்பெற்ற ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆர்வமுள்ளவர், விதிகளைக் கேட்டால் வரிசையாகச் சொல்லக் கூடியவர். பெல்லட் சரியாக உட்காராமல் சிக்கிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல், உதவி கேட்பதற்காகத் துப்பாக்கியை இடுப்பளவில் பிடித்தபடியே அப்படியே திரும்பினார். குழல்முனை பக்கத்துத் தடத்திலிருந்த சிறுவனைக் கடந்து, என்னைக் கடந்து, கதவை நோக்கி வந்தது. விரல் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் இருந்தது. அன்று கண்காணிப்பில் இருந்தவர் உரத்த குரலில் நிறுத்தியதால் எதுவும் நடக்கவில்லை. காற்றுத் துப்பாக்கிதானே என்று யாரும் சொல்ல வேண்டாம்; விநாடிக்கு 150 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும் ஈயத் துண்டுக்கு ஒரு கண்ணைப் பறிக்கும் வலிமை உண்டு என்பதை அறிய மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவரை நான் குறை சொல்லவில்லை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டதே என்று கருது. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல்முனையைச் செல்லவிடாதே. குறி இலக்கில் படியும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். இந்த நான்கையும் அவர் அறிவார். இவற்றை இந்த வடிவில் வகுத்துப் பரப்பிய ஜெஃப் கூப்பரின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது விதி நினைவில் இருக்கும். ஏதோ ஒன்று சிக்கியவுடன் கவனம் முழுவதும் சிக்கலுக்குப் போய்விடும், கை தான் பழகியதைச் செய்யும். சிக்கல் வந்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்து, விரலை வெளியே எடுத்து, மற்றக் கையை உயர்த்திக் காத்திரு என்பதை அவர் கை ஒருமுறைகூடச் செய்ததில்லை. வேண்டுமென்றே ஒரு சிக்கலை உண்டாக்கி, அப்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஒரு பயிற்றுநர் அருகில் நின்றிருந்தால் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. அந்தக் கால்மணி நேரத்துக்குப் பதிலாக நீங்கள் அவரிடம் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டீர்கள். நேரிடும் தீங்கிற்கான பொறுப்பு யாருடையது என்பதை மட்டுமே அந்தக் கையெழுத்து தீர்மானிக்கிறது, தீங்கைத் தடுப்பதில்லை.

இதுபற்றி நான் நேரில் கேட்டபோது, நிர்வாகி ஒருவர், மனமிருந்தால் மார்க்கமுண்டு என்றும், பெரிய வீரர்கள் பலர் தாமாகவே கற்றவர்கள்தான் என்றும், கரோய் தகாச்சின் கதையைப் படியுங்கள் என்றும் சொன்னார். படித்தேன். ஹங்கேரியப் படைவீரரான தகாச்சின் வலக்கை 1938இல் கையெறிகுண்டு வெடித்துச் சிதைந்தது. யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடு கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். வியக்க வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் விபத்துக்கு முன்பே அவர் தேர்ந்த வீரர் என்பதை நிர்வாகி சொல்ல மறந்துவிட்டார். துப்பாக்கியை எப்படிக் கையாள்வது, தடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம்; புதியது கை மட்டுமே. அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே சுடுதளம் அமைத்துப் பயின்று 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதையும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவருக்குப் பயிற்றுநர்கள் இருந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் எடுத்துக்காட்டு வேறொன்று. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் நிக்கோலோ காம்ப்ரியானி, ஓய்வுபெற்ற பிறகு, துப்பாக்கியையே தொட்டறியாத ஏதிலியர் சிலருக்கு 2019இல் காற்றுத் துப்பாக்கி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர்களில் ஒருவரான எரித்திரியாவைச் சேர்ந்த லூனா சாலமன், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏதிலியர் அணிக்காக 10 மீட்டர் பிரிவில் சுட்டார். தொடக்கநிலையிலிருந்து அந்த அரங்கம்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சூழ்நிலை எளிதாக இல்லாதவர்களும் கற்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்களை நீங்களே கற்றுக்கொண்டு வாருங்கள் என்று யாரும் அனுப்பிவைக்கவில்லை, கற்றுக்கொடுப்பவர் அவர்களிடம் வந்தார்.

மாற்று வழி இல்லாமல் நான் குறை கூறவில்லை. என் தொழிலிலேயே அது நாள்தோறும் நடக்கிறது. புதிதாகச் சேரும் செவிலியர் ஊசி போடவும், குருதிநாளத்தில் குழாய் செலுத்தவும் ஒரு வகுப்பில் எட்டுமுறை உட்கார்ந்து தகுதி பெறுவதில்லை. பாடத்தைத் தம் நேரத்தில் படிக்கிறார். பொம்மையின் மேல் பழகுகிறார். பிறகு தம் பணிநேரத்துக்குள் மூத்தவர் ஒருவர் அருகில் நிற்க ஒவ்வொரு செயலையும் செய்து காட்டுகிறார். கையேட்டில் அந்தச் செயலுக்கு எதிரே நாளிட்டு அந்த மூத்தவர் கையெழுத்திடுகிறார். கவனியுங்கள், கையெழுத்திடுபவர் பார்த்தவர், கற்றவர் அல்லர். ஒருவர் ஒரு மாதத்தில் முடிப்பார், இரவுப்பணிக்காரர் மூன்று மாதம் எடுப்பார்; ஆனால் இருவரும் ஒரே செயல்களை ஒரே கண்டிப்போடு செய்து காட்டியிருப்பார்கள். பாதியில் நின்றவரின் முடிந்த பக்கங்களை யாரும் கிழித்தெறிவதில்லை. நீண்ட இடைவெளி விட்டவரிடம் மறுபடி ஒருமுறை செய்து காட்டச் சொல்வார்கள், அது நியாயம்.

பயிற்றுநர்கள் போதவில்லை என்பதும், வார இறுதி முழுவதையும் அவர்கள் தளத்திலேயே கழிக்க வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அந்த வகையில் உங்கள் முடிவுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் பதினாறு மணி நேர வகுப்பில், பயிற்றுநர் அருகிலிருந்தே ஆக வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்தால், என் கணக்கில் ஒரு பயிலுநருக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டாது: துப்பாக்கியை வாங்குவது, காலியாக இருக்கிறதா என்று சோதிப்பது, அது காலி என்று பிறருக்குக் காட்டக் குழலின் முழு நீளத்துக்கும் பாதுகாப்புக் கயிறு செருகுவது, நிரப்புவது, சுடுவது, சிக்கலைக் கையாள்வது, ‘நிறுத்து’ என்ற கட்டளைக்கு அந்த நொடியே பணிவது, முடித்துத் திரும்பக் கொடுப்பது, ஈயம் பட்ட கையைக் கழுவுவது வரை. மீதியைப் படிக்கக் கொடுத்து ஒரு எழுத்துத் தேர்வில் சோதித்துக்கொள்ளலாம். பயிற்றுநரின் சுமை இதனால் குறையுமே தவிரக் கூடாது.

ஆகவே நான் கேட்பவை இவை. உறுதிமொழிப் படிவத்தின் பேரில் தடத்தில் இடம் தருவதை இன்றே நிறுத்துங்கள். இதற்குக் குழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே அவ்வாறு அனுமதிக்கப்பட்டவர்களை வெளியேற்றாமல், அடுத்தமுறை சுடும் முன் ஒவ்வொருவரும் ஒரு பயிற்றுநர் முன்னிலையில், சிக்கிய பெல்லட்டைக் கையாள்வது உட்படச் செய்து காட்ட வேண்டும் என்று அறிவியுங்கள். நான் பார்த்த நிகழ்ச்சி தளத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கேட்டேன், யாரும் விடை சொல்லவில்லை; எழுதப்படவில்லை என்றால் எழுதுங்கள், பார்த்தவராக நான் கையொப்பமிடத் தயார்.

வருகைக் கணக்கின் இடத்தில் திறன் கையேட்டைக் கொண்டுவாருங்கள். எட்டு வகுப்பு என்ற கட்டை அவிழ்த்து, கட்டாயமாக நேரில் செய்து காட்ட வேண்டிய செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றை ஆறு மாதத்துக்குள் எந்த வரிசையில் வேண்டுமானாலும் முடிக்க இடம் கொடுங்கள். துப்பாக்கியைக் கையாளும் பகுதி முடியும்வரை பெல்லட் தரக்கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் வரிசையில் மாறாமல் இருக்கட்டும். பாதியில் நின்றவர்களின் முடித்த வகுப்புகளுக்கு உரிய மதிப்பு கொடுங்கள். மறந்திருப்போம் என்று ஐயம் இருந்தால் சோதியுங்கள், அழிக்காதீர்கள்.

வாரத்தில் ஒரு மாலையும், மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையும், தலா இரண்டு மணி நேரம், நால்வருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவில் முன்பதிவு முறையில் ஒதுக்குங்கள். இரண்டு பயிற்றுநர்கள் மாறி மாறி வந்தால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் போகும். அந்த நேரங்களுக்குக் கூடுதல் கட்டணம் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுழற்சிப் பணியில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று இதே நிலையில் என்னுடன் சேர்ந்தவர்களில் ஐந்து பேரை எனக்குத் தெரியும். அவர்கள் எந்தெந்த நேரத்தில் வர முடியும் என்று எழுதி வாங்கி இம்மடலுடன் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த தொகுதிக்கான பதிவு தொடங்குமுன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பதானால் காரணத்தையும் எழுதுங்கள். அதுவரை உறுதிமொழிப் படிவத்தில் நான் கையெழுத்திடப் போவதில்லை. என் பெயருக்கு ஒதுக்கியிருக்கும் தட நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நான்கு வகுப்புகளை முடித்த ஒரு பயிலுநர்